“நெஞ்சில ஈரமே இல்லை”: குழப்படி செய்யும் பெண்பிள்ளைகளின் சுபாவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுன்னாகத்திலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ ஒரு தாய் வந்து என் முன்னால் இருந்தால், முதல் வசனம் பெரும்பாலும் ஒன்றுதான்: “இவளுக்கு நெஞ்சில ஈரமே இல்லை, மிஸ்.” பக்கத்தில் 14, 15 வயதுப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். களவு, அடிதடி, பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துத் திரிவது, சக பிள்ளையைப் பற்றிக் கதை கட்டிவிடுவது என்று ஏதோ ஒன்று நடந்து, விஷயம் பொலிஸ் வரைக்கும் போயிருக்கும். யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வேலையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். நான் சொல்லும் கதைகள் பல பிள்ளைகளுடையவை. அடையாளம் தெரியாதபடி கலந்து சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் மகளை “சைக்கோ” என்கிறார்கள். சைக்கோபதி என்றால் விசரா?

இல்லை. புத்தி பேதலிப்பது, இல்லாத குரல் கேட்பது எல்லாம் வேறு நோய். சைக்கோபதி என்பது ஆளுமையின் ஒரு வார்ப்பு. அமெரிக்க உளமருத்துவர் ஹார்வி கிளெக்லி 1941 இல் அதை விரிவாக எழுதினார். பார்வைக்கு இனிமையான, தெளிவாகக் கதைக்கிற, ஆனால் குற்ற உணர்வு என்பதே தட்டுப்படாத மனிதர்களைப் பற்றிய விவரணை அது. கனடாவின் ரொபேர்ட் ஹெயார் 1991 இல் வெளியிட்ட அளவுகோலில் 20 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று புள்ளி போட்டால் மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30 அல்லது அதற்கு மேல் எடுத்த வளர்ந்தவர்களைத்தான் அந்தப் பெயரால் அழைப்பார்கள்.

அந்த 20 கூறுகளுக்குள் மூன்று இழைகள் ஓடுகின்றன. ஒன்று, மற்றவரின் நோவு மனதில் தைக்காத ஈரமின்மை. இன்னொன்று, தன்னைப் பெரிதாகக் காட்டி ஆட்களை வளைத்துப் போடும் பேச்சு. மூன்றாவது, பின்விளைவை யோசிக்காத துடுக்கு. இதில் துடுக்கு மட்டும் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளிடம் உண்டு. கவனிக்க வேண்டியது ஈரமின்மையைத்தான்.

அப்படியானால் 15 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கலாமா?

வைக்கக்கூடாது. இது என் இரக்கத்தில் சொல்வதல்ல, மருத்துவமே அப்படித்தான் சொல்கிறது. சைக்கோபதிக்கு நெருக்கமான சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்ற முடிவை 18 வயதுக்கு முன் எழுத முடியாது. பிள்ளைகளுக்கு எழுதக்கூடியது “நடத்தைக் கோளாறு”, அதாவது மற்றவரின் உரிமையையும் விதிகளையும் திரும்பத் திரும்ப மீறுவது. அதோடு, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 ஆம் ஆண்டுக் கையேடு ஒரு கூடுதல் குறிப்பைச் சேர்த்தது: பிறர்மேல் பரிவு உணர்வு குறைந்த நிலை. குற்ற உணர்வு இல்லாமை, பிறர் நோவில் அக்கறையின்மை, படிப்பு போன்றவற்றில் எப்படிச் செய்தோம் என்ற கவலையே இல்லாமை, மேலோட்டமான உணர்ச்சி ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு 12 மாதங்களாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாட்டிலும் இதே மாதிரி ஒரு குறிப்பு உண்டு. வீட்டில் கல்லுமாதிரி இருக்கிற பிள்ளை அம்மம்மா வீட்டில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிறாள் என்றால், அதையும் அந்தக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73 இல் பிறந்த 1037 பிள்ளைகளைப் பல தசாப்தங்களாகப் பின்தொடரும் ஆய்வு ஒன்று நடக்கிறது. அதில் வேலை செய்த டெரி மொஃபிட் 1993 இல் இரண்டு பாதைகளைப் பிரித்துக் காட்டினார். சிலர் சின்ன வயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்வார்கள். பலர் பதின்ம வயதில் தொடங்கி அதோடு விட்டுவிடுவார்கள். வாழ்நாள் பாதையில் ஏறக்குறைய 10 ஆண்களுக்கு ஒரு பெண்தான் இருந்தார். உங்கள் முன்னால் இருக்கும் பிள்ளை இரண்டாவது பாதையில் போகிறாள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். அவளுக்குப் போய் “சைக்கோ” என்று பெயர் வைத்தால், ஊர் அதை அவளுடைய கல்யாணப் பேச்சு வரைக்கும் காவிக்கொண்டு போகும்.

சுபாவம் என்று எதைச் சொல்கிறீர்கள்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே?

பழமொழி பழக்கத்தைத்தான் சொல்கிறது, குணத்தை அல்ல. சுபாவம் என்பது பழக்கம் வருவதற்கு முன்னமே பிள்ளையோடு வருவது. ஒரு குழந்தை புது முகத்தைக் கண்டு வீரிட்டு அழும். இன்னொன்று கையை நீட்டிக்கொண்டு போகும். நியூயோர்க்கில் அலெக்சாண்டர் தோமசும் ஸ்டெலா செஸ்சும் 1956 இல் தொடங்கி, பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து கவனித்தார்கள். சுறுசுறுப்பு, பசி தூக்கத்தின் ஒழுங்கு, புதியதை அணுகும் விதம், உணர்ச்சியின் வேகம் என்று ஒன்பது கூறுகளைப் பிரித்தார்கள். சுமார் 10 சதவீதம் “கடினமான” பிள்ளைகள். அவர்கள் கண்டதில் முக்கியமானது அந்த 10 சதவீதம் அல்ல, பொருத்தம் என்ற விஷயம். பிள்ளையின் சுபாவமும் வீட்டின் போக்கும் பொருந்தினால் கடினமான பிள்ளையும் நன்றாக வரும். பொருந்தாவிட்டால் சாதுவான பிள்ளையும் உடையும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாங்கள் இந்தப் பொருத்தத்தை ஒரு நாளும் பார்ப்பதில்லை.

அமெரிக்க உளமருத்துவர் ரொபேர்ட் குளோனிஞ்சர் சுபாவத்தை வேறு விதமாகப் பிரித்தார். புதுமையைத் தேடுவது, ஆபத்தைத் தவிர்ப்பது, மற்றவரின் அன்புக்கும் பாராட்டுக்கும் இளகுவது. முதலாவது கூடி, மற்ற இரண்டும் குறைந்த பிள்ளையை யோசித்துப் பாருங்கள். இருட்டுப் பட்ட பிறகு ஒழுங்கைக்குள் தனியாகச் சயிக்கிளில் போகப் பயமில்லை, ஏச்சும் தைக்காது, “கெட்டிக்காரி” என்றாலும் பெரிதாகச் சந்தோஷமில்லை. சட்டத்தோடு மோதும் பிள்ளைகளிடம் இந்தச் சேர்க்கையை நீங்கள் காணலாம். ஆனால் இதே சேர்க்கையோடு நல்ல அறுவைச் சிகிச்சை வைத்தியரும் வரலாம், கடலில் இறங்கி ஆளைக் காப்பாற்றுகிறவரும் வரலாம்.

பூவரசம் தடி முறியும்வரை அடித்தும் அழவில்லை. இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஒரு தகப்பன் கண்கலங்கிக்கொண்டு இதைக் கேட்டார். அவர் கொடுமைக்காரர் அல்ல. தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தவர்.

மனச்சாட்சி எப்படி வளர்கிறது என்று பாருங்கள். பயந்த சுபாவமுள்ள பிள்ளை தம்பியைக் கடித்துவிடுகிறது. அம்மா முகம் சுளிக்கிறார். உடனே பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பும் “கடிக்கக்கூடாது” என்பதும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த முறை வாயைத் திறக்கும்போதே படபடப்பு வந்து தடுக்கும். பயமில்லாத பிள்ளைக்கு அந்தப் படபடப்பே வருவதில்லை. ஒட்டுவதற்குப் பசை இல்லை. நீங்கள் சத்தத்தைக் கூட்டினாலும் தடியை மாற்றினாலும் அதே கதைதான். கடைசியில் அவள் அடியிலிருந்து படிப்பது, பலம் உள்ளவர் மற்றவரை நோகச் செய்யலாம் என்பதைத்தான்.

குழந்தைகளை வருடக்கணக்கில் கவனித்த கிராசினா கொசான்ஸ்கா என்ற ஆய்வாளர் 1990களில் கண்டது இதுதான்: பயந்த பிள்ளைக்கு மென்மையான கண்டிப்பே மனச்சாட்சியை வளர்க்கும். பயமில்லாத பிள்ளைக்கு மென்மையான கண்டிப்பும் பெரிதாக வேலை செய்யாது, தாயோடு உள்ள நெருக்கமும் சந்தோஷமும்தான் வேலை செய்யும். அந்தப் பிள்ளை தாயைக் கேட்பது பயத்தில் அல்ல, அந்த உறவை இழக்க விருப்பமில்லாததில். அவுஸ்திரேலியாவில் 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. ஈரமின்மை கூடிய சின்னப் பையன்களுக்குத் தனியே இருத்திவைக்கும் தண்டனை சரியாக எடுபடவில்லை. ஆனால் நல்லதைப் பாராட்டும் பகுதி மற்றப் பிள்ளைகளைப் போலவே அவர்களிலும் எடுபட்டது.

அந்தத் தகப்பனுக்கு நான் சொன்னது: அடியை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிஷம் அவளோடு இருங்கள். புத்தி சொல்லக்கூடாது. அவள் கோழிக்கூடு திருத்தினால் நீங்கள் கம்பியைப் பிடியுங்கள். மூன்றாவது கிழமைதான் அவள் வாய் திறந்தாள், அதுவும் கோழியைப் பற்றி. அதற்கே அவர் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

பொடியன்களைவிடப் பெண்பிள்ளைகளில் இது வேறு மாதிரியா?

வேறு மாதிரித்தான். பொடியன் வாளோடு திரிந்தால் ஊருக்கே தெரியும். பெண்பிள்ளையின் வன்மம் உறவுக்குள் ஒளிந்திருக்கும். ஒருத்தியைக் கூட்டத்திலிருந்து ஒதுக்குவது, அவளின் இரகசியத்தை வட்ஸ்அப் குழுவில் போடுவது, அவள் பெயரில் பொய்க் கணக்குத் திறப்பது. 1995 இல் நிக்கி கிரிக் என்ற ஆய்வாளரும் அவரது சகாவும் இதை “உறவு வழி வன்மம்” என்று பிரித்துக் காட்டினார்கள். யாழ்ப்பாணம் மாதிரிச் சின்ன ஊரில், ஒரு கதை ஒருத்தியின் படிப்பையே நிறுத்திவிடும். ஆகவே இதைச் “சின்னப் பெட்டைகளின் சண்டை” என்று தட்டிவிடாதீர்கள்.

அடிதடி நடந்தாலும் பெரும்பாலும் அம்மாவோடு, சிநேகிதியோடு, காதலனோடு. இன்னும் ஒன்று: பெண்பிள்ளைகள் தங்களையே காயப்படுத்துகிறார்கள். கையை வெட்டிய தழும்பை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வருவார்கள்.

தொடங்கும் வயதும் வேறு. 1999 இல் பெர்சஃபனி சில்வர்தோர்னும் போல் ஃபிரிக்கும் முன்வைத்த கருத்து, பெண்பிள்ளைகளில் சுபாவம் சின்னனிலேயே இருந்தாலும் குற்றச் செயல் பதின்ம வயதில்தான் வெளியே வருகிறது என்பது. எங்கள் ஊரைப் பார்த்தால் எனக்கு அது விளங்குகிறது. பெண்பிள்ளையைச் சின்னனிலிருந்து கண்ணுக்குள் வைத்திருக்கிறோம். சாமத்தியப்பட்ட பிறகு காவல் இன்னும் கூடும். பிறகு ரியூசனும் போனும் ஒரே நேரத்தில் கதவைத் திறக்கின்றன. “நேற்று வரைக்கும் நல்ல பிள்ளை” என்று தாய்மார் சொல்வது பொய்யல்ல.

ஆனால் இவள் உண்மையிலேயே ஒன்றும் உணராதவள் மாதிரி இருக்கிறாள். அது நடிப்பா?

அம்மம்மாவின் சங்கிலியைக் களவெடுத்து அடகு வைத்த ஒரு பிள்ளை. கிழவி அழுது புரள, இவள் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருந்தாளாம். வீட்டார் இனி இவளை எங்கேயாவது விடுதியில் போட வேண்டும் என்ற முடிவோடு வந்தார்கள். என்னோடும் மாதக்கணக்கில் வெறும் “ம்” தான். ஒரு நாள் காற்றில் கதவு டமார் என்று சாத்தியது. அவள் கதிரையிலிருந்து துள்ளி எழும்பி, முகம் வெளிறி, கை நடுங்க நின்றாள். பயமே இல்லாத சுபாவக்காரி அப்படித் துள்ளமாட்டாள். பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது: ஒன்பது வயதில் உறவுக்காரன் ஒருவன் செய்தது. அம்மம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். “வாயை மூடு” என்று பதில் வந்திருக்கிறது.

இந்த வேறுபாட்டை 1941 லேயே பென் கார்ப்மன் என்ற உளமருத்துவர் சொல்லிவிட்டார். முதல் வகைக்கு ஈரமின்மை பிறவியில் வருவது. பதகளிப்பு இருக்காது, தூக்கம் நன்றாக வரும். இரண்டாவது வகை பிறகு மரத்துப்போனது. தாங்க முடியாத நோவை உணராமல் இருக்க மனம் தன்னையே அணைத்துவிடுகிறது. தன் நோவு அணைந்தால் மற்றவரின் நோவும் தெரியாது. வெளியில் இருவரும் ஒரே மாதிரி. உள்ளே இரண்டாமவளுக்குக் கடும் பதகளிப்பு, கெட்ட கனவு, திடீர்க் கோபம், மனச்சோர்வு.

சட்டத்தோடு மோதும் பெண்பிள்ளைகளிடம் வன்முறைக்கு ஆளான அனுபவமும் மனச்சோர்வும் பொடியன்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. கண்டிஸ் ஓட்ஜர்சும் அவரது சகாக்களும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்பில் இருந்த பெண்பிள்ளைகள் மீண்டும் குற்றம் செய்வார்களா என்பதை சைக்கோபதிப் புள்ளிகளால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அவர்கள் முன்பு அனுபவித்த வன்முறைதான் அதைச் சொன்னது. இதை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். “இவள் என்ன செய்தாள்” என்று எழுதுகிற கோப்பில் “இவளுக்கு என்ன நடந்தது” என்பதற்கும் ஒரு பக்கம் வேண்டும்.

அதற்காக எல்லாப் பிள்ளைகளின் பின்னாலும் ஒரு கொடுமை இருக்க வேண்டும் என்றில்லை. அன்பான வீட்டிலும் முதல் வகைப் பிள்ளை பிறக்கலாம். அந்தத் தாயைக் குற்றவாளியாகப் பார்ப்பது அநியாயம்.

சண்டை முடிந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு என்ன மனவடு?

2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்தான் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள். செல் வெடிச் சத்தம் கேட்டதில்லை. ஆனால் தாய் கேட்டவர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஒரே இரவில் செம்மணி வீதியால் நடந்தவர்கள் இன்று அம்மம்மாமார். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். தனி மனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன. ஆளை ஆள் நம்புவது குறைகிறது. உணர்ச்சியைக் காட்டாமல் இருந்துதான் உயிர் தப்பினோம் என்று ஒரு தலைமுறை நினைத்தால், அடுத்த தலைமுறை அந்த முகத்தைப் பார்த்துத்தான் வளர்கிறது. நெஞ்சில் ஈரமில்லை என்று மகளைச் சொல்கிற தாயிடம், “நீங்கள் கடைசியாக எப்போது அழுதீர்கள் அம்மா?” என்று கேட்டிருக்கிறேன். பதில் வர நேரம் எடுக்கும்.

இது பரம்பரையா? தகப்பனும் இப்படித்தான்.

பங்கு உண்டு. இங்கிலாந்தில் 7 வயது இரட்டைப் பிள்ளைகளை வைத்து எஸி விடிங் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், அதிக ஈரமின்மை உள்ள பிள்ளைகளில் அந்த வேறுபாட்டின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பரம்பரை சார்ந்தது. ஆனால் 2016 இல், 500 இற்கும் மேற்பட்ட தத்தெடுத்த குடும்பங்களைப் பார்த்த அமெரிக்க ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பெற்ற தாயிடம் சமூகவிரோத நடத்தை இருந்திருந்தாலும், வளர்ப்புத் தாய் பிள்ளையின் நல்ல செயலை அடிக்கடி பாராட்டிய வீடுகளில் அந்தப் பரம்பரைத் தாக்கம் மழுங்கியது. “தகப்பனைப் போல” என்ற சொல்லைப் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள்.

ஒரு பொடியனோடு ஓடிப்போய்விட்டாள். இதுவும் குற்ற நடத்தையா?

இல்லை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதத்தை எங்கள் சட்டம் சம்மதமாகவே எடுப்பதில்லை. அங்கே அவள் பாதிக்கப்பட்டவள். குற்றப் பொறுப்பு என்று பார்த்தாலும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகாது. 12 முதல் 14 வரை பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் பார்க்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நல்லதைச் செய்யும்போது அன்றைக்கே, பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். “நல்ல பிள்ளை” என்ற பொதுப்பேச்சு வேண்டாம். “தங்கச்சிக்கு நீ தண்ணி எடுத்துக் குடுத்தாய், நான் கண்டனான்” என்பது போதும். வெகுமதி சின்னதாக, உடனே கிடைப்பதாக இருக்கட்டும்: டேட்டா கார்ட், நல்லூர்த் திருவிழாவுக்குச் சிநேகிதிகளோடு ஒரு பின்னேரம். தண்டனை தேவைப்பட்டால் முன்கூட்டிச் சொன்னதாக, குறுகியதாக, கத்தாமல். யாரோடு திரிகிறாள், இரவில் யார் போன் எடுக்கிறார்கள் என்பதைக் கவனிப்பதை மட்டும் விடாதீர்கள். ஐஸ், ஹெரோயின் விற்கிறவர்கள் தேடுவது இப்படிப் பயமில்லாத பிள்ளைகளைத்தான்.

கண்ணைப் பார்த்துக் கதையுங்கள். மார்க் டாட்ஸ் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2006 இல் கண்டார்: ஈரமின்மை உள்ள பையன்களுக்கு மற்றவர் முகத்தில் பயத்தை அடையாளம் காணத் தெரியவில்லை. “கண்ணைப் பார்” என்று சொன்னதும் கண்டுபிடித்தார்கள். கண் அங்கேதான் இருந்தது, அவர்கள் பார்க்கவில்லை. அது பொடியன்களில் செய்தது. ஆனாலும் மேசைக்கு எதிரே இருந்து தேத்தண்ணி குடிப்பதில் நட்டமில்லை.

பார்வை பார்ப்பது, நூல் கட்டுவது வேண்டுமென்றால் செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஈரமின்மைக்கு என்று மாத்திரை கிடையாது. மனச்சோர்வோ கவனக்குறைவுக் கோளாறோ சேர்ந்திருந்தால் அதற்கு மருந்து உண்டு. மனவடு இருந்தால் அதை மையமாக வைத்த அறிகை நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மெல்ல மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) உண்டு. மிகக் கடினமான பிள்ளைகளும் மாறுவார்கள் என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1995 இல் தொடங்கிய மெண்டோட்டா இளையோர் சிகிச்சை நிலையம் சாட்சி. மற்ற இடங்கள் கைவிட்ட பையன்களை எடுத்து, தண்டனையைக் குறைத்துச் சிகிச்சையைக் கூட்டியபோது வன்முறைக் குற்றம் கணிசமாகக் குறைந்தது.

சின்னவளை இவளோடு விட்டுப்போகப் பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்தை மதியுங்கள். மூத்தவள்மேல் அன்பு இருப்பதும் சின்னவளைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இருவரையும் தனியே விடாதீர்கள். விலங்குகளைச் சித்திரவதை செய்வது, தீ வைப்பது, ஆயுதத்தைக் காட்டுவது தெரிந்தால் அடுத்த நாளைக்குத் தள்ளாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

“அக்கா, அப்பப்பா செத்ததுக்கும் எனக்கு அழுகை வரேல்லை. நான் சைக்கோவா?” (16 வயதுப் பிள்ளை)

இந்தக் கேள்வியை நீ எழுதி, அழித்து, திரும்ப எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன். அழுகை வராததை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. சிலருக்கு ஆறு மாதம் கழித்து, அவர் போட்ட செருப்பைக் காணும்போது வரும். சிலருக்குக் கண்ணீராக வராமல் வயிற்று நோவாக வரும். உன்னைப் பற்றி உனக்கே இப்படி ஒரு கவலை இருக்கிறது. மற்றவர்மேல் அக்கறையே இல்லாத ஆளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் வருவதில்லை. யாரையாவது நோகச் செய்யவேண்டும் என்று எண்ணம் வந்தாலோ, உன்னையே நோகச் செய்தாலோ 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் போன் எடு. தமிழில் கதைக்கலாம். யாராவது உனக்கு ஏதாவது செய்திருந்தால் 1929, அது சிறுவர் உதவி இலக்கம். நீ ஒரு முறை சொல்லி ஆட்கள் நம்பாமல் விட்டிருந்தாலும், இன்னொருவரிடம் சொல்லு.

முதலில் எங்கே போவது? என்ன கொண்டு போவது?

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. இலவசம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். வழக்கு என்று வந்துவிட்டால் நன்னடத்தை உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவார். அவரிடம் எதையும் மறைக்காமல் கதையுங்கள், பிள்ளையின் நல்ல பக்கத்தையும் சேர்த்து.

பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கைகளையும், பிறந்தபோது கிளினிக்கில் தந்த சுகாதாரப் பதிவேட்டையும் கொண்டு வாருங்கள். முடிந்தால் அம்மம்மாவையோ அப்பம்மாவையோ கூட்டி வாருங்கள். தொட்டிலில் கிடந்தபோது இவள் எப்படிப்பட்ட பிள்ளை, புது ஆட்களைக் கண்டால் அழுதாளா, எந்த வயதில் மாறினாள், அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.